பனிப்புயல், அஞ்சு நாளில் முழு கிரகணம்: வானிலை ஆர்வலர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள்?

2024 ஏப்ரல் 3, புதன்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களில் பனிப்புயல் தொடங்குகிறது. பல இடங்களில் 30 செ.மீ.க்கு மேல் பனி. அதுவும் ஈரமான, கனமான பனி. மரக்கிளைகள் ஒடிந்து மின்கம்பிகள் மேல் விழுந்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் போனது. வெள்ளிக்கிழமை காலை, யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று: நியூ ஜெர்சியில் 4.8 ரிக்டர் நிலநடுக்கம். நியூயார்க் வரை கட்டடங்கள் ஆடின.

அதே பகுதிக்கு அடுத்த திங்கள், ஏப்ரல் 8 மதியம், முழுச் சூரிய கிரகணம் வருவதாக இருந்தது. அமெரிக்காவின் நிலப்பரப்பில் (அலாஸ்கா தவிர்த்து) அடுத்த முழு கிரகணம் 2044 ஆகஸ்ட்டில்தான். இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். பாதை முழுக்க ஹோட்டல் அறைகள் மாதக்கணக்கில் முன்பே புக் ஆகியிருந்தன. பாஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ உங்களுக்கு நண்பர்கள் இருந்தால், அந்த வாரம் வாட்ஸ்அப்பில் என்ன ஓடியது என்று ஞாபகம் இருக்கும்: போகலாமா, வேண்டாமா? போனால் எங்கே?

இந்தக் கேள்விக்குக் கடைசி வாரத்தில் ஓரளவு நிதானமாகப் பதில் தேடியவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறது: பனிப்புயலை வருடா வருடம் துரத்திப் பழகிய வானிலை ஆர்வலர்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எப்போது முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

யார் இந்த ஆர்வலர்கள்?

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும், 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் என்ன எழுதியிருக்கிறார் என்று ஆபீஸே போனைத் திறந்து பார்க்கும். அமெரிக்க வடகிழக்கில் இதே பழக்கத்துக்குப் பல பத்தாண்டு வயது. மழைக்குப் பதில் பனி, புயல் சின்னத்துக்குப் பதில் 'நார்ஈஸ்டர்'. கடற்கரையை ஒட்டி வடக்கே நகர்ந்து, வடகிழக்கிலிருந்து காற்றை வாரி வீசும் குளிர்காலப் புயலுக்கு அந்தப் பெயர்.

இவர்கள் தங்களையே கிண்டலாக 'வெதர் வீனி' என்று சொல்லிக்கொள்வார்கள். பனி வேண்டும், நிறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். ஆனால் 2023 டிசம்பர் முதல் 2024 பிப்ரவரி வரையிலான குளிர்காலம், அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமானது. அவர்களுக்கு அது பஞ்ச வருஷம். அந்த ஏக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஏப்ரலில், கிரகணத்துக்கு அஞ்சு நாள் முன்னால், ஒரு பனிப்புயல் வந்து சேர்ந்தது. எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது?

பொழுதுபோக்கு என்றாலும் இதில் பயன் உண்டு. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் திடீர் வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். நகரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை, சில கிலோமீட்டர் தள்ளி 2 அங்குலம் அளவுக்குத்தான். இருந்த சில மழைமானிகளில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. அதற்கு அடுத்த வருடம் நோலன் டோஸ்கன் என்ற காலநிலை ஆய்வாளர் தொடங்கியதுதான் 'கோகோராஸ்' என்ற தன்னார்வலர் வலையமைப்பு. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் காலை 7 மணி வாக்கில் தங்கள் வீட்டுத் தோட்டத்து மழை, ஆலங்கட்டி, பனி அளவை அனுப்புகிறார்கள். வெள்ள எச்சரிக்கை விடும் வானிலை அலுவலகங்கள் இந்தத் தரவைப் பயன்படுத்துகின்றன.

பனியை அளப்பதில் என்ன கஷ்டம்? ஸ்கேல் வைத்தால் போதாதா?

போதாது. அது ஒரு தனிக் கலை. தரையில் நேராக ஸ்கேலைக் குத்தினால் புல்லின் உயரமும் சேர்ந்துவிடும். அதனால் சுமார் 40 செ.மீ.க்கு 60 செ.மீ. அளவில், வெள்ளை பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை ஒன்றைத் திறந்தவெளியில் வைக்கிறார்கள். வெள்ளை ஏன்? கறுப்பு வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்கிவிடும்.

இதில் ஒரு திருட்டு வழியும் இருக்கிறது. விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கு ஒருமுறை அளந்து, பலகையைத் துடைத்து, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் கணிசமாக அதிகமாக வரும். அதனால்தான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை விதி வைத்திருக்கிறது. 'எங்க ஏரியாவுலதான் அதிகம்' என்று காட்டும் ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

கணிப்பதோ அளப்பதைவிடப் பெரிய தலைவலி. மேகத்திலிருந்து 10 மி.மீ. தண்ணீர் வரும் என்று மாடல் சொல்கிறது என்று வையுங்கள். பொது விதிப்படி அது 10 செ.மீ. பனி, அதாவது பத்துக்கு ஒன்று. காற்று உறைநிலையை ஒட்டியிருந்தால் 5 செ.மீ. கனமான சேறு மாதிரிப் பனிதான் கிடைக்கும். நன்றாகக் குளிர்ந்திருந்தால் 20 செ.மீ. பஞ்சு. தரைக்கு ஒரு கிலோமீட்டர் மேலே ஒரு டிகிரி கூடிவிட்டால் அத்தனையும் மழை. மழைக்கும் பனிக்கும் இடையிலான அந்தக் கோடு பாஸ்டன் நகரத்துக்குள்ளேயே ஓடும் நாட்கள் உண்டு. விமான நிலையத்தில் மழை, மேற்குப் புறநகரில் கொட்டும் பனி.

மாடல்கள் எவ்வளவு நம்பகமானவை?

ஆர்வலர்களின் நாள், மாடல் 'ரன்' வரும் நேரத்தைச் சுற்றித்தான் ஓடும். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. இளவேனிலில் அதன் முக்கியமான ரன் அவர்கள் நேரப்படி காலை 11.30 மணிக்கு மேல் திரையில் விழத் தொடங்கும். ஐரோப்பிய மையத்தின் மாடல் பிற்பகல் 2 மணி வாக்கில். மதிய சாப்பாட்டு நேரத்தில் எத்தனை எக்செல் ஷீட்டுகளுக்குப் பின்னால் வானிலை வரைபடம் ஒளிந்திருக்கும் என்பதற்கு என்னிடம் டேட்டா இல்லை.

ஒரே ஒரு ரன்னைப் பார்த்து முடிவெடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. விஷயம் தெரிந்தவர்கள் 'என்செம்பிள்' பார்ப்பார்கள். தொடக்க நிலையில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து அதே மாடலைப் பலமுறை ஓட்டுவதுதான் அது. ஐரோப்பிய என்செம்பிளில் 51 ஓட்டங்கள், அமெரிக்காவுடையதில் 31. ஐம்பத்தொன்றில் நாற்பத்தைந்து ஒரே கதையைச் சொன்னால் தைரியமாக இருக்கலாம். பாதிக்குப் பாதி பிரிந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த ரன்னுக்குக் காத்திருக்க வேண்டும்.

பொதுவாக, ஐந்து நாள் கணிப்பு சுமார் 90 சதவீதமும் ஏழு நாள் கணிப்பு சுமார் 80 சதவீதமும் சரியாக இருக்கும் என்கிறது அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா. பத்து நாளைத் தாண்டினால் பாதிக்குப் பாதிதான். இது பெரிய முன்னேற்றம். 1978 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பனிப்புயலில் பாஸ்டனைச் சுற்றியுள்ள ரூட் 128 நெடுஞ்சாலையில் 3,000-க்கும் அதிகமான கார்கள் சிக்கிக்கொண்டன. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு, பனி அடைத்த புகைக்குழாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து இறந்தவர்கள் உண்டு. பதினைந்து வருடம் கழித்து, 1993 மார்ச்சில் வந்த பெரும் புயலை ஐந்து நாள் முன்பே மாடல்கள் சொல்லிவிட்டன. முதல் பனித்துளி விழுவதற்கு முன்பே அவசரநிலை அறிவிக்க முடிந்தது.

ஆனால் சறுக்கலும் உண்டு. 2015 ஜனவரி கடைசியில் நியூயார்க் நகரத்துக்கு 50 முதல் 75 செ.மீ. பனி என்று எச்சரித்தார்கள். பனிக்காக சப்வே ரயில் முழுசாக நிறுத்தப்பட்டது, அதன் வரலாற்றில் முதல் முறையாக. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 25 செ.மீ. புயல் கொஞ்சம் கிழக்கே தள்ளிப்போனது, அவ்வளவுதான். நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் லாங் ஐலண்டில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பிலடெல்பியா, நியூ ஜெர்சி பகுதிகளைக் கவனிக்கும் வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி ஷட்கோவ்ஸ்கி ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார். கணிப்பைச் சொல்பவர் அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற விவாதம் அதற்குப் பிறகு சூடுபிடித்தது. நம் ஊரில் 'நாளை கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை' என்று அறிவித்து வெயில் அடிக்கும் நாட்களில் வரும் மீம்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

சரி, கிரகணத்துக்கு வருவோம். 99 சதவீதம் போதாதா?

கிரகணம் தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: போதாது. பாஸ்டனில் அன்று சூரியன் 93 சதவீதம் மறைந்தது. வெளிச்சம் மாலை நேரம் மாதிரி மங்கியது, அவ்வளவே. நூறு சதவீதம் மறையும் இடத்தில் பகல் இருண்டு, கிரகங்கள் தெரிந்து, சூரியனைச் சுற்றியிருக்கும் வெண்ணிறக் கரோனாவை வெறும் கண்ணால் பார்க்கலாம். ஒரே ஒரு சதவீதம் சூரியன் மிச்சமிருந்தாலும் கரோனா தெரியாது, கண்ணாடியையும் கழற்ற முடியாது. எனவே நிலவின் நிழல் தரையில் ஓடும் அந்தக் குறுகிய பாதைக்குள் இருந்தாக வேண்டும். 2024-ல் அது 200 கி.மீ.க்கும் குறைவான அகலம். மெக்சிகோவின் மசாட்லானில் தொடங்கி டெக்சாஸ், இண்டியானா, ஒஹையோ, நியூயார்க் மாநிலம், வெர்மான்ட், மெய்ன் வழியாகக் கனடா வரை. பாஸ்டன்வாசிக்கு மூன்று மணி நேர கார் பயணம், சாலை காலியாக இருந்தால்.

பிறகு ஏன் எல்லோரும் டெக்சாஸுக்கு டிக்கெட் போட்டார்கள்?

டேட்டாவைப் பார்த்துத்தான். கனடாவைச் சேர்ந்த வானிலையாளர் ஜே ஆண்டர்சன் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு கிரகணப் பாதைக்கும் மேக வரைபடம் தயாரிப்பவர். பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த மாதத்தில் சராசரியாக எவ்வளவு மேகம் என்பதைப் பல வருட செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து எடுப்பார். 2024 பாதையில் மெக்சிகோதான் முதலிடம். அடுத்து தெற்கு டெக்சாஸ். வடகிழக்கே போகப் போக மோசம். வெர்மான்ட், மெய்ன் பக்கம் ஏப்ரல் மாத சராசரி மேகம் 70 சதவீதத்தைத் தாண்டும். ஒரு வருடம் முன்பே விமானமும் ஹோட்டலும் புக் செய்ய வேண்டியவர் டெக்சாஸைத் தேர்ந்தெடுத்தது முழுக்க நியாயம்.

ஆனால் சராசரி என்பது அந்த ஒரு நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. இதை நாம் எல்லோருமே மறக்கிறோம், சம்பள சராசரியிலிருந்து ஐ.பி.எல். ஸ்ட்ரைக் ரேட் வரை. பத்து ஏப்ரல் 8-களில் ஏழு மூட்டமாக இருந்தால் மூன்று தெளிவாக இருக்கும். கேள்வி, இந்த வருடம் எந்தப் பக்கம்?

இங்கேதான் பனிப்புயல் பழக்கம் கைகொடுத்தது. கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே என்செம்பிள்கள் ஒரு படத்தை வரையத் தொடங்கின: தெற்குச் சமவெளியில் மேல் காற்றில் ஒரு தாழ்வு, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரம், டெக்சாஸ் முழுக்க மேகம், மாலையில் இடிபுயல். வடகிழக்கிலோ அந்தப் பனிப்புயல் விலகிய பின் உயர் அழுத்தம் வந்து உட்காரும். உயர் அழுத்தத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். இறங்கும் காற்று சூடாகி மேகத்தைக் கரைக்கும். புயல் போன அடுத்த நாட்களில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். நார்ஈஸ்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம்.

மேகக் கணிப்பு, வெப்பநிலைக் கணிப்பைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக 8, 10 கி.மீ. உயரத்தில் இருக்கும் மெல்லிய சிர்ரஸ் மேகம். வரைபடத்தில் அதுவும் 'மேகம் 100 சதவீதம்' என்றே காட்டும். கண்ணுக்கோ அதன் வழியே சூரியன் பளிச்சென்று தெரியும். அதனால் மொத்த மேகத்தைப் பார்த்துப் பயப்படாமல், கீழ், நடு, மேல் என மூன்று அடுக்குகளையும் தனித்தனியாகப் பார்ப்பது ஆர்வலர்களின் வழக்கம். பகல் சூட்டில் உருவாகும் பஞ்சுப்பொதி மேகங்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. நிழல் நெருங்கும்போது தரை குளிர்வதால் அவை கலையத் தொடங்கும். சூரியன் 15 சதவீதம் அளவுக்கு மறைந்ததுமே நிலத்தின் மேல் இருக்கும் இத்தகைய மேகங்கள் குறைய ஆரம்பிக்கின்றன என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2024-லேயே காட்டியிருந்தார்கள். அடர்ந்த மழைமேகத்துக்கும் சிர்ரஸுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

என்ன நடந்தது?

வரைபடம் தலைகீழானது. டெக்சாஸில் பல இடங்களில் மேகம். பர்னெட் என்ற ஊரில் நடந்துகொண்டிருந்த கிரகணத் திருவிழாவை, ஆலங்கட்டியும் சூறாவளியும் வரலாம் என்ற எச்சரிக்கையால் பாதியில் முடித்து மக்களை அனுப்பினார்கள். டல்லாஸுக்கு அதிர்ஷ்டம், மேகம் சரியான நேரத்தில் விலகியது. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் கனத்த மூட்டம். இருட்டு வந்தது, போனது, சூரியன் தெரியவில்லை. அங்கிருந்து கிழக்கே சில மணி நேரம் தள்ளி, வெர்மான்ட்டின் பர்லிங்டனில் 3.26 மணிக்கு மெல்லிய உயர மேகத்தின் வழியே மூன்று நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். மெய்னின் ஹோல்டனில், அமெரிக்காவுக்குள் பாதை முடியும் இடத்தில், நீல வானம். சராசரியில் கடைசி பெஞ்சு, அன்றைக்கு முதல் ரேங்க்.

வியாழன், வெள்ளியில் டெக்சாஸ் டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டு வடக்கே கார் எடுத்தவர்கள் சரியாக முடிவெடுத்தார்கள். அதே தகவலை வைத்திருந்தும், திரும்ப வாராத கட்டணத்தையும் கல்லூரி நண்பர்களோடு போட்ட திட்டத்தையும் நினைத்து டெக்சாஸிலேயே இருந்தவர்களையும் குறை சொல்ல முடியாது.

பயணத்துக்கு என்ன எடுத்துக்கொண்டார்கள்?

பனிப்புயல் மூட்டையும் கிரகண மூட்டையும் பாதிக்கு மேல் ஒன்றுதான் என்பது சுவாரசியம். நிறைந்த பெட்ரோல் டேங்க், போர்வை, சாப்பாடு, தண்ணீர், மண்வாரி, போன் சார்ஜர். காகித வரைபடமும் வேண்டும், ஏனென்றால் சின்ன ஊரில் பெருங்கூட்டம் கூடினால் மொபைல் நெட்வொர்க் படுத்துவிடும். புயல் வரும் முன் அமெரிக்கர்கள் பிரெட்டும் பாலும் வாங்கக் கடையை மொய்ப்பது அவர்களுக்குள்ளேயே ஒரு ஜோக். புயல் சின்னம் என்றதும் நாம் ஆவின் பாலும் மெழுகுவத்தியும் தேடுகிறோமே, அதே கதை.

கிரகணத்துக்கென்று கூடுதலாக வேண்டியது ஐ.எஸ்.ஓ. 12312-2 தரச்சான்று உள்ள கண்ணாடி. சூரியன் முழுசாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடம் தவிர மற்ற நேரமெல்லாம் அது கண்ணில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் வெர்மான்ட்டுக்கு இன்னொரு பெயர் 'சேற்றுப் பருவம்'. உறைந்திருந்த மண் மேலே இளகி, கீழே இளகாமல் இருக்கும். தண்ணீர் வடிய இடமில்லை. மண் சாலையில் கார் அச்சு வரை இறங்கிவிடும். கூகுள் காட்டும் குறுக்கு வழியில் போகாதீர்கள், மலைப் பாதைகளில் ஏறாதீர்கள் என்று மாநில நிர்வாகம் முன்பே சொல்லியிருந்தது. புயலால் அங்கே புதிய பனியும் சேர்ந்திருந்தது.

எல்லோரும் குறைத்து மதிப்பிட்டது திரும்பி வரும் வழியை. வருபவர்கள் இரண்டு மூன்று நாட்களில் பிரிந்து பிரிந்து வருவார்கள். கிளம்புவது எல்லோரும் ஒரே நிமிடத்தில். நியூ ஹாம்ப்ஷயரின் ஐ-93 நெடுஞ்சாலை ஃப்ராங்கோனியா கணவாயில் பக்கத்துக்கு ஒரே தடமாகக் குறுகும். மூன்று மணி நேரப் பயணம் நள்ளிரவைத் தாண்டியது. அனுபவசாலிகள் அன்றிரவும் அங்கேயே அறை போட்டிருந்தார்கள்.

இந்தியாவிலிருந்து பார்க்க வாய்ப்பு?

நமக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 2009 ஜூலை 22, இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழு கிரகணம். பாட்னாவுக்கு அருகிலுள்ள தரேகனாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பருவமழை மேகம் மொத்தமாக மறைத்தது. அதே காலை வாரணாசியில் கங்கைக் கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. இரண்டுக்கும் தூரம் சில மணி நேரம்தான். முந்தைய இரவு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து காரை எடுக்கும் பழக்கம் அப்போது நம்மிடம் அவ்வளவாக இல்லை.

வெளிநாடு போகத் தயார் என்றால் 2026 ஆகஸ்ட் 12 பாதை ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகப் போகிறது. ஸ்பெயினின் வடக்குக் கடலோரத்தைவிட உள்நாட்டுப் பகுதியில் மேகம் குறைவு. ஆனால் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும், மேற்கே மலையோ கட்டடமோ மறைக்காத இடம் வேண்டும். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். அங்கே ஆகஸ்ட்டில் மேகம் பற்றிக் கவலையே இல்லை, வெயிலைப் பற்றித்தான். 2031 மே 21 அன்று வளைய கிரகணம் கேரளம், தென் தமிழ்நாடு, இலங்கை வழியாக வருகிறது. கோடை மேகத்தை அன்று காலை பார்த்துக்கொள்ளலாம்.

இந்திய மண்ணில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, லடாக் பகுதியில். மார்ச்சில் அங்கே மேற்கத்திய இடையூறுகள் பனியைக் கொண்டுவரும் காலம் முடிந்திருக்காது. ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் சாலை ஜோஜி லா கணவாயில் பனியால் மூடப்படுவது வழக்கம். லே விமானங்களும் வானிலையால் ரத்தாகும். கணவாய்க்கு இந்தப் பக்கம் நிற்பதா, அந்தப் பக்கம் போய்விடுவதா என்பதை ஐந்து நாள் முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.